ஆளுக்கொரு தெருவாசல்

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டுத் தரையில் நீலக்கோடு போட்டார்கள். கொத்தனார் நூலைச் சலவை நீலத்தில் புரட்டி, தெருவாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் தூக்கிவிட்டார். சட்டென்று ஒரு சத்தம், கோடு விழுந்துவிட்டது. அந்த நீல வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவருடைய வேட்டிகளுக்கு நீலம் போட்ட கையோடு என் வீட்டுக்கு வந்து, "ஏத்தா, உப்பு போதுமான்னு பாரு" என்று குழம்புக் கரண்டியை நீட்டுவீர்கள். விரலிடுக்கெல்லாம் நீலமாக இருக்கும்.

பிரிக்கிறார்கள் அக்கா. பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார் அல்லவா, உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டைப் பிரிக்கிறார்கள். ஏற்கெனவே பிரித்த பாதியை மறுபடியும் பாதியாக, அதுவும் நீளவாக்கில். பத்தடி அகலத்தில் ஆளுக்கு ஐந்தடி. நடுச்சுவர் தின்றதுபோக மிச்சத்தில் கட்டிலைக் குறுக்கே போட முடியாது. ஆனால் ஆளுக்கொரு தெருவாசல் இருக்கும். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவர் யார் என்கிறீர்கள்? உங்கள் கொழுந்தனார்தான். ஓய்வு பெற்று, தலையெல்லாம் நரைத்தும், என் வீட்டுக்காரருக்குப் புத்தி மட்டும் வரவில்லை. "நூலு தொய்யுது பாரு, விறைப்பா இழு" என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நம் மாமனார் சொந்த ஊரான பரளச்சியில் இருந்த காட்டை விற்று, அருப்புக்கோட்டைக்குள் வாங்கிப்போட்ட ஓட்டுவீடு அது. நீங்களும் நானும் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த ஓரகத்திகள். மாமனார் காலமாகி, ஓடும் சரிந்து, இடித்துவிட்டு அண்ணன் தம்பி ஆளுக்கொரு வீடு கட்டுவது என்று முடிவானபோது, வெறுந்தரையாகக் கிடந்த அந்த இடத்தில் எல்லோரும் நின்றோம். கிழக்கே தெரு, வடக்கே சந்து, தெற்கே அடுத்தவர் காலிமனை. ஆம்பிளைகள் பேச நாம் ஓரமாக நின்றிருந்தோம். நீங்கள்தான் திடீரென்று போய் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

மனையில் மாவால் வீடு வரைந்தீர்கள் அக்கா. முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு, நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம். முன்வீட்டுக்குத் தெருவில் வாசல், பின்வீட்டுக்குச் சந்தில் வாசல். "மழ பெஞ்சா நடுவுல பெய்யட்டும். வெயிலு நடுவுல அடிக்கட்டும். ரெண்டு வீட்டு ஜன்னலும் முத்தத்தப் பாத்து இருந்துட்டா, நாளைக்கு அக்கம்பக்கத்துல எவன் என்ன கட்டுனா நமக்கென்ன?" என்றீர்கள். நான் பக்கத்தில் பார்க்க வந்தேன். "ஏ, சுவத்துல நடக்காத. வாச வழியா வா!" என்று அதட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டே சுற்றிப்போய், சந்து வாசல் வழியாக வந்து, மாவு முற்றத்தில் உங்களோடு நின்றேன். என் ஆயுசில் நான் குடிபோன நல்ல வீடு அதுதான்.

கட்டிட வேலை படித்த யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. புகையிலும் இருட்டிலும் சோறாக்கிப் பழகியவளுக்குக் காற்று எந்தப்பக்கம் வர வேண்டும் என்று தெரியாதா என்ன? கேட்க வேண்டியவர்கள்தான் கேட்கவில்லை.

"அப்ப பின்னால யாரு இருக்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர். பெரியவர் மீசையைத் தடவினார். "மூத்தவன் நான் பின்னால கெடந்தா ஊரு சிரிக்காதா?" உடனே இவர், "அண்ணன் வீட்டுப் பின்கட்டுல குடியிருக்க நான் என்ன வாடகைக்கா வந்தேன்? பத்திரிகை வைக்க வர்றவுக சந்துக்குள்ள தேடிக்கிட்டா வருவாக?" என்றார். வருஷத்தில் எத்தனை பேர் பத்திரிகை வைக்க வந்துவிடுவார்கள் அக்கா? அந்த நாலு பேருக்காக, விடிந்தால் அடைந்தால் உள்ளேயே கிடக்கிற நாம் இரண்டு பேரும் மூச்சு முட்டிச் சாக வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டிருப்பேன். நீங்கள்தான் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினீர்கள். பெரியவர் நடந்து போனபோது அவர் செருப்பில் உங்கள் அடுப்படி ஒட்டிக்கொண்டு போயிற்று.

மூத்தவனுக்குத் தெற்கு, இளையவனுக்கு வடக்கு என்பது வழக்கம். அதன்படி இடத்தை நீளவாக்கில் கிழித்து, நடுவில் பொதுச்சுவர் வைத்தார்கள். எனக்குச் சந்துப் பக்கம் கிடைத்தது. உங்களுக்குக் காலிமனைப் பக்கம். ஆரம்பத்தில் உங்கள் வீடும் நன்றாகத்தான் இருந்தது. அந்த மனையில் யாராவது மல்லி காயப்போட்டிருப்பார்கள், ஜன்னல் வழியே வீடெல்லாம் மணக்கும். ஊர் வளர்ந்தது. மனையை ஒருவர் வாங்கினார். மூன்று மாடிக் கடைக்கட்டிடம் எழுந்தது, உங்கள் ஜன்னல் கம்பியில் கை வைத்தால் அவர்கள் சுவரில் இடிக்கிற அளவுக்கு ஒட்டி.

காலிமனையில் கட்டக் கூடாது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "கட்டட்டும். ஊருக்குள்ள கட்டாம பொட்டக்காட்டுலயா போயிக் கட்டுவாக? மூச்சு விட எடம் விட்டுக் கட்டணும்ல" என்பதுதான் உங்கள் பேச்சு. அதற்குள் நான் திருச்சுழியில் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகியிருந்ததால் மனு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. அந்தக் கட்டிடத்துக்கு அனுமதி வாங்கிய வரைபடத்தின் நகலையும் பார்த்தோம். அதில் பக்கத்துக்குப் பக்கம் இடம் விட்டு, அழகாகக் கோடு போட்டிருந்தது. நீங்கள் அந்தத் தாளையும் உங்கள் ஜன்னலையும் மாறிமாறிப் பார்த்தீர்கள். "காகிதத்துல காத்து வருதுத்தா. வீட்டுக்குள்ளதான் வரல." மனுவுக்கு ஆள் வந்தார்கள், பார்த்தார்கள், காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்போது பெரியவர் செய்தது என்ன? திருச்சுழி ரோட்டில் கொடி நட்டு, கல் ஊன்றி விற்றுக்கொண்டிருந்த பிளாட்டில் ஒன்றை வாங்கினார். அங்கே வீடு கட்டிக் குடிபோகலாம் என்றார். குழாய் இல்லை, சாக்கடை இல்லை, சாயங்காலத்துக்கு மேல் பஸ்ஸு இல்லை. நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். ஊருக்குள்ள இருக்குற எடத்தை ஒழுங்கா வைக்கத் தெரியல, ஊருக்கு வெளிய போயி என்னத்தக் கிழிக்கப் போறாக?" வேலைக்குப் போன காலமெல்லாம் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டித்தான் போனேன். இன்றைக்கும் அங்கே கருவேலம் முள்தான் குடியிருக்கிறது. அதற்குத் தெருவாசல் கிழக்கு பார்த்து இருக்கிறது.

உங்கள் வீட்டில் பட்டப்பகலில் லைட்டு எரியும். கரண்டு போனால் பகலிலேயே ராத்திரி. மிளகாய் வறுத்தால் நெடி போக வழியில்லாமல் மாடி வரைக்கும் ஏறி, வீட்டில் எல்லோரும் இருமுவார்கள், சுவருக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்கும். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற பொதுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். என் பக்கத்து வெளிச்சம் கொஞ்சம் உங்கள் பக்கம் வரட்டும் என்று. நான் இரண்டு கையையும் நீட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆம்பிளைகள் விடவில்லை. அதற்குள் என்னமோ ஒரு காது குத்து மொய்த் தகராறில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது.

சொந்தத்தில் ஒருவர் இறந்த துட்டிக்காக அவர்கள் இரண்டு பேரும் தனித்தனி பஸ்ஸில் பரளச்சிக்குப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் உளியும் சுத்தியலுமாக என் அடுப்படிக்கு வந்து நின்றீர்கள். பூச்சைச் சுரண்டி, சுவரில் இரண்டு பக்கமும் எட்டக் குறுக்கே வைத்திருந்த ஒரு செங்கலைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தோம். "மெல்லத் தட்டுத்தா, வீடு விழுந்துரப் போகுது." "விழுந்தா நல்லதுதானக்கா. மாவு வீட்டை எடுத்துக் கட்டிருவோம்." அப்படிச் சிரித்து நாம் எத்தனை நாளாயிற்று! கல் முழுசாக என் பக்கம் வந்தது. நீங்கள் ஓடிப்போய் உங்கள் பக்கத்திலிருந்து ஓட்டையில் கண்ணை வைத்தீர்கள்.

"உங்க வீட்டுல இன்னும் பகலா இருக்குத்தா" என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லை நான் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை அக்கா. ஒரு கை அகல வெளிச்சம் உங்கள் அடுப்பு மேடையில் விழுந்தது. அதில் வைத்துத்தான் நீங்கள் அரிசியில் கல் பொறுக்கினீர்கள். அந்த ஓட்டை வழியாகக் கறிவேப்பிலை போயிற்று, தீப்பெட்டி வந்தது, ஊர்க்கதை இரண்டு பக்கமும் போய்வந்தது. பெரியவர் அடுப்படிக்குள் வருகிற மனுஷன் இல்லை என்பதால் கொஞ்ச காலம் ஓடியது. ஒருநாள் வெந்நீர் கேட்டு உள்ளே வந்தவர் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

"பொதுச்சுவத்துல ஓட்டை விட்டா நாளைக்கு அந்தப்பக்கத்து ஆளு சுவரு பூராம் எனக்குத்தான்னு நிப்பான்" என்று அவர் அங்கிருந்து கத்தினார். "வெளிச்சம் வந்து பழகிட்டா, பின்னால நான் ஒரு அலமாரி வைக்க முடியாது, பாத்தியதை கொண்டாடுவாக" என்று இவர் இங்கிருந்து கத்தினார். வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி, அந்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் ஒன்று சேர்ந்தார்கள். ஒருவர் சாந்து குழைத்தார், இன்னொருவர் பூசினார். "எடுத்த கல்லு எங்க?" என்று அதட்டினார்கள். தெரியாது என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னோம். வேறு கல்லைத் தேடி எடுத்து வைத்தார்கள். பூச்சு காய்கிற வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பீடி குடித்தார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஒடுங்கின வீட்டில் மாடிப்படியை ஏணி மாதிரி செங்குத்தாகத்தான் வைக்க முடிந்தது. வைகாசியில் ஒரு மத்தியானம் கரண்டு போன நேரம், காயப்போட்ட வற்றலை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினீர்கள். வெளியே கண் கூசுகிற வெயில், படியில் கும்மிருட்டு. நீங்கள் விழுந்த சத்தம் எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. இடுப்பு எலும்பு. படுத்தவர் எழவில்லை. அடுத்த வைகாசிக்குள் முடிந்துவிட்டது.

ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். வாசலில் நுழைந்தது, படிக்கட்டுக்குப் பக்கத்தில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் தெருவில் பந்தல் போட்டு அங்கேயே வைத்தார்கள். தெருவாசல் வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டிய வீட்டில், உங்களைத் தெருவிலேதான் கிடத்த முடிந்தது. பந்தல் ஓரமாக வெயில் இறங்கி, கண்ணாடி வழியே உங்கள் முகத்தில் விழுந்தது. யாரோ ஒரு துண்டைப் போட்டு மறைத்தார்கள். அந்தத் துண்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது எனக்கு.

இன்று காலை நான் சும்மா இருக்கவில்லை அக்கா. கொத்தனாரை நிறுத்தச் சொல்லிவிட்டு உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். எங்கள் மகள் மதுரையோடு இருந்துவிட்டாள், அவளுக்கு இந்த இடம் வேண்டாம். பத்திரம் என் பேரில் இல்லைதான், ஆனாலும் சொன்னேன்: "எங்க பாதியையும் சேத்துக்கங்கடா. நடுச்சுவத்த எடுத்துருங்க. முன்னால ஒரு வீடு, பின்னால ஒரு வீடு, நடுவுல முத்தம். உங்கம்மா போட்ட பிளானு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூமு விட்டாப் போதும்." வீட்டுக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த மகன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"எல்லாஞ் சரி சித்தி. அப்ப பின்னால யாரு இருக்கிறது?"

கேள்வி சித்தப்பன் கேள்வி, குரல் அப்படியே அப்பன் குரல். நான் திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் நூல் மறுபடியும் சட்டென்று விழுந்தது.

சாயங்காலம் லோடு வந்தது. தெருவில் செங்கல் இறக்கினார்கள். இளைய மகன் தண்ணீர் கேட்டு என் வீட்டுக்கு வந்தவன், சந்துக் கதவுக்கு நான் முட்டுக்கொடுத்திருக்கிற கல்லைப் பார்த்தான்.

"சித்தி, இந்தக் கல்லு சும்மாதான கெடக்கு? வாசப்படிக்கு அண்டக் குடுக்க ஒண்ணு வேணும்" என்று குனிந்தான்.

"அதத் தொடாதடா."

"பழைய செங்கல்லுதான சித்தி?"

"செங்கல்லு இல்ல. உங்கம்மா ஜன்னலு."

அவனுக்கு விளங்கவில்லை. கிழவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான், தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் கதவை இன்னும் அகலத் திறந்து, கல்லைத் தள்ளி வைத்தேன். சந்திலிருந்து வெளிச்சம் உள்ளே வந்து, என் அடுப்படியைத் தாண்டி, நம் சுவரில் அவர்கள் பூசின இடம் வரைக்கும் போய் நின்றது.