மேனேஜரின் தட்டு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பூனை மேனேஜர் இன்று ஜன்னல் விளிம்பில் தாவி ஏறப் பார்த்துப் பாதியிலேயே சறுக்கி விழுந்தது. விழுந்ததை யாரும் பார்க்காத மாதிரி காலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன்.

வேலை ஒன்றும் செய்யாமல் எல்லா அறைக்குள்ளும் போய் மேற்பார்வை பார்க்கிறது என்று அத்தான் அதற்கு வைத்த பெயர் மேனேஜர். அத்தான் இறந்துபோன பிறகு அக்காவுக்கு அதுதான் எல்லாம். ஆனால் அக்கா அதற்கு என்ன வைக்கிறாள்? குழைந்த சோறு, மசித்த பூசணி, பால். அத்தான் போனதிலிருந்து இந்த வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. நான் இங்கே குடிவந்த அன்றே சொல்லிவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, வேண்டுமென்றால் வெளியே சாப்பிட்டுக்கொள்வேன். மேனேஜர் எங்கே போகும்?

மார்ச் 6, வியாழன்

மருந்துக்கடையில் இன்று ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று விளக்கினேன். பள்ளிப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார். கடையில் என் பேச்சை எல்லோரும் கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போவது அதனால்தான் என்று.

"நீ மனுஷங்களுக்கு மருந்து குடுக்கற வேலையப் பாரு."

அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

பூனை உணவுப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். பிரித்த சத்தத்துக்கே மேனேஜர் ஓடி வந்தது. பின்னாலேயே அக்காவும், மூக்கைப் பொத்திக்கொண்டு. பாக்கெட்டை அப்படியே குப்பைப் பையில் போட்டுக் கட்டி, லிஃப்ட்டில் இறங்கிப் போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"இந்த வீட்டுல அந்த நாத்தம் வேண்டாம்."

"அது பூனைக்கா."

"அதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். லேசான சாப்பாடு சாப்பிட்டா யாரும் சாக மாட்டாங்க."

மேனேஜர் கதவு வரை பையின் பின்னால் போனது. அதைக் கேட்டால் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மேனேஜர் நாற்காலிக் காலில் போய் முட்டிக்கொண்டது. எப்போதும் அங்கேயே இருக்கிற நாற்காலி.

மார்ச் 15, சனி

அக்காவிடம் தடுப்பூசி என்று சொல்லிவிட்டு மேனேஜரைக் கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள்.

"என்ன சாப்பாடு போடறீங்க?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, நான்தான் சமைத்துப் போட்டேன் என்பதுபோல.

"நாய்கூட எப்படியாவது சமாளிச்சுடும். பூனையால முடியாது. கறியில இருக்கற ஒரு சத்து அதுக்குக் கட்டாயம் வேணும். அது கிடைக்கலைன்னா முதல்ல கண்ணு போகும், அப்புறம் இதயம். இதுக்கு இதயம் பெரிசாயிருக்கு. சாப்பாட்ட மாத்தினா இதயம் தேறலாம். கண்ணுல போனது போனதுதான்."

சில டின் உணவும் சத்துத்தூளும் கொடுத்தார். பையில் அவற்றின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன், திருடி மாதிரி.

எப்படிச் சொல்வது? அத்தான் போனதே இதயம் பெரிதாகித்தான். கறியும் கொழுப்புமாகச் சமைத்துப் போட்டதால்தான் என்று அக்கா முடிவுகட்டி வைத்திருக்கிறாள். அவளிடம் போய், கறி போடாததால் பூனைக்கு இதயம் பெரிதாகிவிட்டது என்று சொல்ல வேண்டுமா? நானா?

மார்ச் 16, ஞாயிறு

டாக்டரிடம் காட்டியதைச் சொன்னேன். ஆனால் பாதிதான். கண் கொஞ்சம் மங்கலாம், கறி சேர்த்தால் நல்லதாம்.

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. உங்க அத்தானப் பார்த்தவங்களும் ஒண்ணும் பயமில்லைன்னுதான் சொன்னாங்க."

போதும். சுவரோடு பேசியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லக் கூடாதோ அப்படியே சொல்லிவிட்டேன்.

காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குந்தி உட்கார்ந்து ஒரு டின்னைத் திறந்தேன். அக்கா கதவைத் தள்ளிவிட்டாள்.

"என் வீட்டுலயே எனக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா விடுவியா நீ?"

"அவருக்கு வாரம் தவறாம ஆக்கிப் போட்டேன்டி. கேட்டப்பல்லாம் போட்டேன். போட்டே கொன்னேன். இதையும் என் கையால கொல்லணுமா?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். இத்தனை நாள் அடக்கிவைத்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இப்ப பண்றியே, இதுதான்க்கா கொல்றது. கறி இல்லாமத்தான் அதுக்கு இதயம் வீங்கியிருக்கு. ஸ்கேன்ல பார்த்தேன்."

அக்கா அழவில்லை. திட்டவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்தது பூசணி.

எதுக்குச் சொன்னேன். எதுக்கு அப்படிச் சொல்லித் தொலைச்சேன்.

மார்ச் 19, புதன்

அக்கா பேசவில்லை. ஆனால் டின்களைத் தூக்கி எறியவும் இல்லை. சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. திறந்ததை மட்டும் நான் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

இவ்வளவு ரகளைக்குப் பிறகு இந்த மகாராஜா அதை மோந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறது! தட்டைச் சுற்றிக் காலால் தரையைப் பிறாண்டுகிறது, புதைக்கப் பார்க்கிறதாம். அன்றைக்குப் பாக்கெட்டின் பின்னால் ஓடியது இதே பூனைதானே? டாக்டரம்மாவைப் போனில் கேட்டேன். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கவே கூடாதாம், பூனை சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் கெட்டுவிடுமாம். பழைய சாப்பாட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டுமாம்.

கலந்தேன். சோற்றை மட்டும் நக்கிவிட்டுப் போய்விட்டது. இதற்காகத்தான் அக்காவோடு சண்டை போட்டேனா?

மார்ச் 20, வியாழன்

சாப்பிடவில்லை. கெஞ்சினேன். ஒரு பூனையிடம்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தம்மா என்ன செய்யச் சொன்னாங்க? முழுசா சொல்லு."

முழுதும் சொன்னேன். இந்தமுறை மெதுவாக.

மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டாள். டின்னிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை வெந்நீரில் வைத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜிலேர்ந்து அப்படியே வச்சா? சில்லுன்னு இருந்தா நீ சாப்பிடுவியா?"

துளி சோற்றோடு பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மேனேஜர் மோந்தது. நக்கியது. சாப்பிட்டது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உங்க அத்தானும் இப்படித்தான். ஆறிப்போனா தொட மாட்டார்," என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

ஏப்ரல் 2, புதன்

பால் நின்றது. வயிறும் சரியாகிவிட்டது. இதைத்தான் நான் முதலிலேயே... சரி, விடு.

ஏப்ரல் 19, சனி

மறுபடி ஸ்கேன். அக்காவும் வந்தாள். இதயம் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. கண் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா டாக்டரம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள். "நான் முன்னாடியே குடுத்திருந்தா?"

நான் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தேன். ஏதாவது சமாதானம் சொல்லுங்களேன் என்று.

"கண்ணு தப்பிச்சிருக்கும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா தலையாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் கூடையை மடியில் வைத்திருந்தவள் பாதி வழியில் சொன்னாள்: "பொய் சொல்லலை பாரு. இதையேதான் உங்க அத்தானோட டாக்டர்கிட்டயும் கேட்டேன். சாப்பாடுதானா காரணம்னு. அவரு வாயையே திறக்கலை."

இரண்டு வருடமாக அவளோடு இருக்கிறேன். நானும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மே 18, ஞாயிறு

எதிர் வீட்டுக்காரி புதிதாக ஒரு பூனைக்குட்டி கொண்டுவந்திருக்கிறாள். பிரெட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறாளாம். அக்கா வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"பாலா? பூனைக்கா? யாருங்க சொன்னது உங்களுக்கு? கறி இல்லாம அதால இருக்கவே முடியாது. கண்ணு போயிடும், இதயம் போயிடும். கடையில வாங்கினா குட்டிக்குன்னு இருக்கறதைக் கேட்டு வாங்குங்க. சூடு பண்ணிக் குடுங்க."

நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் நான் தொண்டை வற்றச் சொன்னது. எனக்குச் சிரிப்பதா, சட்டையை வீசி எறிவதா என்று தெரியவில்லை.

எதிர் வீட்டுக்காரி கேட்டாள்: "நீங்க கறியே தொட மாட்டீங்களேக்கா?"

"நான் பூனை இல்லையே," என்றாள் அக்கா.