நீதிபதிதான் கொலைகாரர்

நியூயார்க், 6 நவம்பர் 1884

அன்புள்ள கணவர் எலைஜாவுக்கு லவீனியா எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

ஒரு வேடிக்கை. என் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை மாற்றும்வரை ஊருக்குப் போகக் கூடாதென்று பதிப்பாளர் என்னை விடுதி அறையில் பூட்டி வைத்திருக்கிறார்.

“நீதிபதியா கொலைகாரர்? வாசகருங்க சண்டைக்கு வருவாங்க. வேலைக்காரி தலையில கட்டுங்கம்மா!”

“பத்தொன்பது வாரமா நீதிபதிக்கு எதிரா சாட்சி சேர்த்திருக்கேன், ஐயா. சட்டத்தைத் தானாப் படிச்சவ நான். ஒண்ணும் அறியாதவ மேல பழி போடமாட்டேன்.”

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். இங்கே பேச ஆளில்லை; உங்கள் குறட்டையைக்கூடத் தேடுகிறேன்.

மாற்றாத அத்தியாயம் இந்த உறைக்குள் இருக்கிறது. அவர் வேறு முடிவை அச்சிடும்முன் நம் ஊர்ப் பத்திரிகையில் வந்துவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த பணிப்பெண் ஓனா, “சீக்கிரம் மடிங்கம்மா, பாவாடைக்குள்ள ஒளிச்சுக்கிறேன்” என்கிறாள்.

உங்கள்,
லவீனியா