பட்டியலில் வராத டிஸ்க்

ஜூன் 9, 2025, திங்கள்

இட்லித் தட்டைத் தொடாமலே கிரண் சொன்னான்: "அம்மா, தறிக்கூடத்து கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் அழிச்சிட்டு உன் லினக்ஸைப் போட்டுக் குடு."

கடைக்கு அனுப்பலாமே என்றேன். "அவனுங்க நோண்டுவானுங்க. நீயே போடு."

பெருமையாகத்தான் இருந்தது. கணக்கு டீச்சராக இருந்தபோது பள்ளிக்கூட லேபில் முப்பது கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டவள் நான். எழுபத்தொரு வயதிலும் கை நடுங்கவில்லை. பென் டிரைவைச் செருகினேன், ஓடியது. மொழி, நேரம், விசைப்பலகை எல்லாம் கேட்டது. எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்ற பக்கம் வந்தது. பட்டியல் காலி. ஒரு வரி கூட இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கே கிடையாது என்கிறது.

மருமகள் துர்கா வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்து, பல்லோடு பல்லாகக் கம்பி கட்டியிருக்கிறார்கள். இடது மணிக்கட்டும் போயிற்று. தறிக்குழியில் கால் தவறி விழுந்தாள். டாக்டரிடம் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். வாய் திறக்க முடியாதவள் ஒரு காகிதத்தில் "அவர் அடித்தார்" என்று எழுதித் தன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள்.

அந்த மனிதர் காத்தவராயன், சேத்துப்பட்டிலிருந்து வந்து தெருவில் நின்று கத்தினார். "டீச்சர் வூடுன்னு நம்பிக் குடுத்தேன்! எம்பொண்ணு மூஞ்சிய ஒரு தபா போய்ப் பாருங்க!"

தெருவில் நின்று பேசுவது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.


ஜூன் 10, செவ்வாய்

முறையாகப் போக வேண்டும். லினக்ஸுக்கும் முன்னால் ஓடுகிற பயாஸ் அமைப்புக்குள் போனேன். டிஸ்க்கைப் பேசவைக்கும் முறை 'ரெய்டு' என்று வைக்கப்பட்டிருந்தது. பல நேரம் இதுதான் வில்லன். லினக்ஸுக்குக் கண் தெரியாமல் போய்விடும். 'ஏஹெச்சிஐ' என்று மாற்றினேன். மறுபடி நிறுவியை ஓட்டினேன். காலி.

பயாஸின் சொந்தப் பட்டியலிலேயே டிஸ்க் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது. ஆக, லினக்ஸ் மேல் குற்றமில்லை. கோளாறு அதற்கும் முன்னால், பெட்டிக்குள் இருக்கிறது.

கிரணிடம் சொன்னேன். கையில் காபி டம்ளர். சுவரில் அடித்தான். கொதிக்கும் காபி என் தோளில்.

"இன்னும் எத்தினி நாளு? ஜல்தியா முடிக்க முடியாதா உன்னால?"

சத்தம் கேட்டுத் தறியிலிருந்து முத்துவேல் எட்டிப் பார்த்தார். இருபது வருடமாக நம்மிடம் நெய்கிறவர், ஐம்பது வயது. "உனுக்கு இன்னாடா இங்க வேல?" என்று கீபோர்டைப் பிடுங்கி அவர் முகத்தில் வீசினான். புருவம் கிழிந்து ரத்தம். மூன்று எழுத்துகள் கழன்று தரையில் ஓடின.

நான் "கிரண்!" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன் அவ்வளவுதான்?

பிறகு தணிந்த குரலில் வந்தான். வெள்ளிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வருகிறார்களாம். தறிக்கூடத்தில் நான்கு கேமரா இருக்கிறது, அதன் பதிவெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் போகிறது, அதைக் கேட்கிறார்களாம். "டிஸ்க்கைத் தூக்கிப் போட்டா சந்தேகப்படுவாங்கம்மா. அம்மாதான் புதுசா போட்டாங்க, பழசு கெட்டுப்போச்சுன்னா முடிஞ்சிது. நீ சொன்னா ஊரே நம்பும்."

அழிப்பதற்குப் பெட்டி. நம்பவைப்பதற்கு நான்.


ஜூன் 11, புதன்

தலைவலி என்று சொல்லிப் படுத்திருந்தேன். தலைவலி இல்லை.


ஜூன் 12, வியாழன்

கிரண் காலையில் வந்தவாசி போனான், சாயங்காலம்தான் வருவான். பெட்டியைத் திறந்தேன்.

டிஸ்க்குக்குப் போகும் சிவப்பு ஒயரின் முனையில் ஜரிகை. புடவைக்குப் போடும் அதே ஜரிகை. நாலு சுற்றுச் சுற்றி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழையை இணைக்கிற மாதிரி அழகான முடிச்சு. யாரால் இப்படி ஒரு முடிச்சுப் போட முடியும் என்று எனக்குத் தெரியாதா?

முத்துவேலைக் கூப்பிட்டேன். புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்து நின்றார்.

"ஆமாங்க டீச்சரம்மா. மூடி கயண்டு கெடந்துச்சு, செவப்பு ஒயரு லூசா ஆடிகினு இருந்துச்சு. தள்ளி வெச்சேன், நிக்கல. கைல ஜரிகைதான் இருந்துச்சு, கட்டிட்டேன்."

"ஜரிகை என்பது நூல் மேல் சுற்றிய உலோகத் தகடு. மின்சாரம் ஓடுகிற இடத்தில் அதைக் கட்டுவீர்களா? பட்டு நூல் கிடைக்கவில்லையா?" என்று பிடித்துக்கொண்டேன். அறுந்தது எதுவானாலும் கையில் இருக்கிற இழையால் கட்டுகிற புத்தி. இழைகள் முனைக்குள் புகுந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. டிஸ்க் எப்படிப் பேசும்?

திட்டி முடித்த பிறகுதான் கேட்டேன். "மூடி ஏன் கழன்றது?"

அவர் தரையைப் பார்த்தார். "பொட்டி மேசைலேர்ந்து வுழுந்துச்சுங்க."

"எப்போது?"

"அந்தப் பொண்ணு வுழுந்த அன்னைக்கு. ஞாயித்துக்கெயம. தறி ஓடல, நான் சாவியக் குடுக்கத்தான் வந்தேன். பொண்ணு மேசை கால்கிட்ட கெடந்துச்சு. மேல பொட்டி."

மேசையிலிருந்து தறிக்குழிக்குப் பதினெட்டு அடி. அடி போட்டு அளந்தேன், இரண்டு தடவை.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கதானே டாக்டராண்ட குழில வுழுந்துச்சுன்னு சொன்னீங்க" என்றார்.

மெல்லிய இடுக்கியால் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒயரை மாற்றினேன். பயாஸில் பெயர் வந்தது. நிறுவியிலும் வந்தது: ஒரு டெராபைட். கீழே அந்தக் கேள்வி: டிஸ்க்கை அழித்து நிறுவலாமா?

சுட்டி அதன் மேல் நின்றது. ஒரு அழுத்து, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் சுத்தம். அழுத்தியிருப்பேனா? பொய் எழுதக் கூடாது. விரல் அங்கேதான் இருந்தது.

பின்னால் போ என்பதை அழுத்தினேன். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி டிஸ்க்கைத் திறந்தேன். ஜூன் 1. கடைசிப் பதிவு. கடைசி நாற்பத்தொரு நொடி.

சத்தம் கிடையாது. அவள் மேசையில் டிசைன் வரைந்துகொண்டிருக்கிறாள். அவன் வந்து ஏதோ கேட்கிறான். அவள் திரும்பாமல் பதில் சொல்கிறாள். பின்னலைப் பிடித்து நாற்காலியோடு இழுக்கிறான். தடுக்க நீட்டிய இடது கையை முறுக்குகிறான், கை வளையக் கூடாத பக்கம் வளைகிறது. தறி மேலிருந்த நாடாவை எடுக்கிறான். ஊடு நூலைச் சுமந்து ஓடும் மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்பு. முதல் அடி தோளில்.

அப்போது வீட்டுப் பக்கக் கதவு திறக்கிறது. ஒரு பெண். வெள்ளைப் புடவை, கண்ணாடி. துர்கா அவளைப் பார்த்து நல்ல கையை நீட்டுகிறாள். அந்தப் பெண் நிற்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கதவைச் சாத்துகிறாள்.

இரண்டாவது அடி தாடையில். சாய்ந்தவள் மேசையைப் பிடிக்கிறாள், பெட்டி கவிழ்கிறது, கறுப்பு.

அந்தப் பெண் நான்.

புருஷன் பெண்டாட்டி சண்டை, நாம் நடுவில் போகக் கூடாது என்று நினைத்தேன். இல்லை, அதுகூட நினைக்கவில்லை. சமையலறைக்குப் போய்ப் பருப்பு வெந்ததா என்று பார்த்தேன். அப்புறம் அவன் வந்து குழியில் விழுந்துவிட்டாள் என்றான். சரி என்றேன். பதினோரு நாள் அந்தக் கதவை நினைக்காமல் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அவன் கையை அம்மியில் வைத்து நசுக்க வேண்டும். விரல் விரலாக. அப்புறம் என் கையை.


ஜூன் 13, வெள்ளி

இடது கையால் காகிதத்தைப் பிடிக்க முடியவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும்.

விடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குடையை எடுத்தேன். செருப்பு மாட்டும்போது வந்துவிட்டான்.

"முடிஞ்சிதா?"

"இல்லை. முடியாது. நான் பார்த்துவிட்டேன்."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிய விதத்தைப் பெற்றவள் எழுதக் கூடாது, எழுதுகிறேன். தெருநாய் பல்லைக் காட்டுகிற மாதிரி. தறிக்கூடத்துக்குள் ஓடினான். பாவு சுற்றுகிற இரும்புக் கம்பியால் பெட்டியை அடித்தான். தகடு கிழிந்து, விசிறி தெறித்து, கண்ணாடி மாதிரி ஏதோ நொறுங்கியது. அடித்துக்கொண்டே இருந்தான். "பாரு! இப்போ பாரு! பேஜாரு புடிச்ச கெயவி!" முத்துவேல் இடுப்பைக் கட்டிப் பிடித்தார், முழங்கையால் அவர் வயிற்றில் இடித்தான், அவர் சுருண்டு உட்கார்ந்தார்.

டிஸ்க் உள்ளே இல்லை என்று சொல்லாமல் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நீ காலிப் பெட்டியை அடித்துக்கொண்டிருக்கிறாய். கணக்கிலும் இப்படித்தான், கேள்வியைப் படிக்கவே மாட்டாய்."

கம்பி என் முழங்கையில் இறங்கியது. சத்தம்தான் முதலில், வலி பிறகு. பையைப் பிடுங்க வந்தான். குடையின் கூர்முனையால் குத்தினேன். குறி பார்த்துக் குத்தினேன். கன்னம் கிழிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் கண். போயிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். "வாடா! இன்னொரு அடி அடிடா பார்க்கிறேன்! பொண்டாட்டியை அடிச்ச கைதானே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நான்தான் கத்தினேன். எதிர்வீட்டு வாசலில் எல்லாரும் நின்றார்கள். நின்று பார்க்கட்டும். அவர்களைக் கண்டதும் அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மகளிர் காவல் நிலையத்துக்கு முத்துவேலின் வண்டியில் போனேன். டிஸ்க்கை மேசையில் வைத்தேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.


ஜூன் 15, ஞாயிறு

கிரணைப் பிடித்துவிட்டார்கள். ரிமாண்டு.

எங்கிருந்து கற்றான்? அவன் அப்பா ஈ எறும்பை அடிக்காதவர். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் என்னை ஒரு தடவை தொட்டதில்லை, முறைத்தாலே போதும்.

கணக்கு தப்பினால் ஒரு தப்புக்கு ஓர் அடி, மர ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில். வீட்டில் அவன், பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள். எண்ணி அடிப்பேன். நியாயமாக அடிக்கிறேன் என்று பெயர். அழுதால் ஒன்று கூட.


ஜூலை 2, புதன்

கிரணுக்காக வந்த வக்கீல் சக்கரவர்த்தி. சிரித்த முகம்.

"வீடியோல கதவுகிட்ட நிக்கிறது தெளிவா இல்லம்மா. வெள்ளையா ஏதோ ஒரு உருவம். கண்ணு சரியா தெரியல, நானான்னு சொல்ல முடியாதுன்னுடுங்க. உங்களுக்கும் நல்லது. டாக்டராண்ட பொய் சொன்னதா உங்க மேலயும் திருப்புவாங்க."

"எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று."

"பெத்த புள்ளைங்கம்மா."

"அதனால்தான் அடையாளம் தெரிந்தது" என்றேன்.




ஜூலை 9, புதன்

கையில் கட்டோடு வேலூருக்கு பஸ் ஏறினேன். வார்டு வாசலில் காத்தவராயன். "அவ பாக்க மாட்டேன்றா" என்றார். வாங்கிப் போன ஆரஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுவந்தேன். கூடையில் அப்படியே இருக்கின்றன.


ஜூலை 24, வியாழன்

மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம். எனக்கும் துர்காவுக்கும் ஒரே நாள்.

வராந்தாவில் ஒரே பெஞ்சு. அவள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவில் இருந்த காத்தவராயன் தண்ணீர் பாட்டில் வாங்க எழுந்து போனார். துர்காவின் தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். முகம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. அவள் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், இலக்கணப் பிழை இல்லாமல். அது வாயில் வரவில்லை.

வாயை முழுதாகத் திறக்காமல், முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"நாலு நொடி" என்றேன். "வீடியோவில் எண்ணினேன்."

எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாள்.

"எனுக்கு ரொம்ப நேரமா இருந்துச்சு. வந்துடுவீங்கன்னு நெனச்சிகினே இருந்தேன்."

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய், அவள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.