லிப்டில் பேசும் குரல்

அன்புள்ள மகளுக்கு,

இன்று லிப்டில் என் மானம் கப்பலேறிவிட்டது. "காலைப் பாத்து வைங்க" என்று அது சொன்னதும், "சரிம்மா" என்று சத்தமாகப் பதில் சொல்லித் தொலைத்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அது உன் அம்மாவின் குரல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என்றோ கூலிக்குப் பேசிக் கொடுத்தாள். அவள் போன பிறகும், தரையிலிருந்து விண்ணில் தொங்கும் மேல்நகரம் வரை எல்லா லிப்டிலும் அவள்தான் பேசுகிறாள். வீட்டில் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

நாளை முதல் புதுக் குரலாம். பழையதை அழித்துவிடுவார்களாம். ஒரு பிரதி கேட்டு மேல்நகரத்து மேனேஜரிடம் போனேன்.

"என்ன பெரியவரே, லிப்ட் மேல காதலா? புதுக் குரலைக் கேளுங்க, இன்னும் இளசு!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

படிப்பு ஏறாத எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். மேல்நகரத்துக்குக் காற்று போகும் வால்வைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நாளையும் திறந்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே மேல்நகரத்தை விட்டுக் கீழே வந்துவிடு. ஏன் என்று கேட்டு போன் பண்ணாதே. லிப்டில் வரும்போது பேத்தியைப் பேசாமல் இருக்கச் சொல். அவளும் கேட்கட்டும்.

அந்த அறையிலிருந்து நான் கிளம்பும்போது மேனேஜர் கொஞ்சம் இளகித்தான் கேட்டார். "சொல்லுங்க பெரியவரே, அந்தக் குரல் உங்களுக்கு எதுக்கு?"

"சும்மாதான் சார்" என்றேன். "அது என் பொண்டாட்டி சார்" என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

இப்படிக்கு,
அப்பா