முன் ஃபோர்க்குக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள வெஸ்லிக்கு, அம்மா எழுதுவது. நானும் டெல்லாவும் நலம். அலாஸ்காக் குளிரிலும் மீன்பிடிப் படகின் ஆட்டத்திலும் நீ உடம்பு கெடாமல் இருக்கிறாயா என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. என் கட்டைவிரலில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

போன வாரம் போனில் டெல்லாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றி, "அந்த ஓட்ட வண்டிய காயலான் கடைக்குப் போடும்மா" என்றாய். போட மாட்டேன். டெல்லாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெங்காயக் கிடங்குக்குத் தன் காரில் ஏற்றிப் போகும் பெவர்லி மாதக் கடைசியில் பாய்ஸிக்குக் குடிபோகிறாள். பள்ளியைப் பாதியில் விட்டதற்கே தலைகுனிந்து நடக்கிற பெண், இந்த வேலையும் போனால் அறையை விட்டு வெளியே வரமாட்டாள். வண்டியைப் பழுது பார்த்தாயிற்று, நன்றாக ஓடுகிறது, உரிமைப் பத்திரம்தான் இல்லை. ஆரிகனில் வாங்கியதால் அந்த மாநிலத் தாளில் விபத்தில் நொறுங்கிய வண்டி என்று இருக்கிறது. இங்கே ஐடஹோவில் ஷெரிப் ஆபீஸ் ஆள் சேசிஸ் நம்பரையும் மாற்றிய பாகங்களின் ரசீதுகளையும் பார்த்தால்தான் புதுப் பத்திரம்.

செவ்வாய்க்கிழமை இரவல் வாங்கிய டிரக்கில் கட்டி ஏற்றிப் போனோம். ஹார்மன் என்பவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்து, "நம்பர் எங்கம்மா?" என்றார். உன் தங்கை வண்டியின் கழுத்தில் மூன்று பூச்சு கறுப்புப் பெயிண்ட் அடித்து நம்பரையே மூடியிருந்தாள். "பெயிண்ட் பிரமாதம். ஆனா நான் பெயிண்டுக்குக் கையெழுத்துப் போட வரலையே" என்று அவர் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் டெல்லா கேட்டாள், "எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க சார்?" என்று. கடையில் பில் போடுகிறவளிடம்கூடப் பேசாதவள்! நாலு மணி என்றார். இவள் நகப்பாலிஷ் அழிக்கிற திரவமும் பல் பிரஷ்ஷும் வாங்கி வந்து, தரையில் மண்டியிட்டு ஒன்றரை மணி நேரம் தேய்த்தாள். பதினேழு எழுத்தும் தெரிந்தது, தாளோடு ஒத்தும் போனது.

அப்புறம் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைத் தொட்டு, "இது எந்த வண்டியோடது? ரசீது?" என்றார். இந்த இடத்தில் டெல்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுது என்று எழுத வைக்கிறேன். அது உன்னுடையது. நீ கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போன சிவப்பு வண்டியிலிருந்து கழற்றினோம். டெல்லா வேண்டாம் என்றாள், ஸ்பேனரை எடுத்தது நான், விரலை நசுக்கிக்கொண்டதும் அப்போதுதான். உன்னைக் கேட்டால் மறுப்பாய் என்று கேட்கவில்லை. தப்புதான்.

ரசீது இல்லாவிட்டால் பாகத்தின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் போதும் என்றார் ஹார்மன். இத்துடன் இருக்கும் தாளில் உன் வண்டியின் நம்பரும், அதன் ஃபோர்க்கைத் தங்கைக்குத் தருகிறேன் என்பதும் எழுதியிருக்கிறது. கையெழுத்து மட்டும் நீ போட வேண்டும். "நீயே போட்டுடு நோரின், யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் பெவர்லி. கேட்காமல் எடுத்தது ஒரு தடவை போதும். ஹார்மன் மறுபடி வருவது இருபத்தாறாம் தேதி. தாளைத் தபாலில் போட்டுவிட்டு வந்து போனில் திட்டு, முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஈரக் காலுறையோடு தூங்காதே. கடவுள் உன்னைக் கரைசேர்த்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
நோரின்

அண்ணா, மனம் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே. ஃபோர்க்கை உன் வண்டியிலேயே திரும்பப் பூட்டிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு வரை நடந்து பார்த்தேன், இரண்டே கால் மணி நேரம்தான். இதை எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. டெல்லா.