சர்க்கரையில் முதல் பரிசு

வளவனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், மாடுகள் நலம், கரும்பும் பரவாயில்லை. இந்த வரிசையில் அம்மா இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். அவள் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருக்கிறாள், திரும்புவதற்குள் இதை முடிக்க வேண்டும். நம் போன் எப்போதும் அவள் கையில்தான் இருக்கிறது, கிடைத்தாலும் இந்த விஷயத்தைப் பாதிக்குமேல் என்னால் பேசி முடிக்க முடியாது, ஆகவே எழுதுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து நர்சிங் படிக்கும் பிள்ளைகள் நம் தெருவுக்கு வந்து போனது உனக்குத் தெரியும். ஆளுக்குச் சில வீடுகளை எடுத்துக்கொண்டு பிரஷர், சர்க்கரை பார்ப்பது, கை கழுவச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள் படிப்பில் சேர்த்தி. கோயிலெதிரே நாடகமும் போட்டார்கள். சர்க்கரை நோயாக வந்த பெண் மீசை வரைந்து அத்தனை நன்றாக நடித்ததால் ஊர் முழுக்க நோய்க்கே கைதட்டியது, அதைத் தோற்கடித்த மாத்திரையை யாரும் கவனிக்கவில்லை. நம் வீடு ஆரோக்கியசெல்வி என்ற பிள்ளைக்கு வந்தது. அப்பா அம்மா இருவரும் கூலி வேலை, இவள்தான் அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள். அம்மாவுக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

வினை எங்கே வந்தது என்றால், கடைசி நாளில் யாருக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்களுக்குப் பரிசு என்று அவர்கள் மேடம் அறிவித்துவிட்டார். அம்மா அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டாள். சர்க்கரை பார்ப்பதற்கு முந்தின நாளே சோற்றை நிறுத்தி, மோரைக் குடித்து, ஏரிக்கரையில் நடையாய் நடந்தாள். எதிர்வீட்டு வெள்ளையம்மாளைவிடக் குறைவாக வர வேண்டும், அதுதான் லட்சியம். வந்தது. கைதட்டி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள், ஆரோக்கியசெல்விக்கு நல்ல மார்க்கும் கிடைத்தது. மறுநாளிலிருந்து அம்மா சர்க்கரை மாத்திரை போடுவதில்லை. கேட்டதற்கு, இன்னாங்க, பாஸான கிளாசுலயே திரும்பவும் குந்தச் சொல்றீங்களா என்றாள்.

அதன்பின் கரும்புத் தோட்டத்தில் அடிக்கட்டை குத்தி இடது கால் கட்டைவிரலில் புண். மஞ்சளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு நடக்கிறாள். வாரங்கள் போயும் ஆறவில்லை, விரல் கறுத்துக்கொண்டு வருகிறது. வலிக்கவே இல்லீங்க, ஆறிக்கினுதான் வருது என்கிறாள். சர்க்கரைக்காரர்களுக்குப் புண் வலிக்காவிட்டால் அதுதான் ஆபத்து என்று அந்தப் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்தால் அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து தோட்டத்துக்குப் போகிறேன், போன காரியம் மறந்து திரும்புகிறேன்.

பொறுக்காமல் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியனுப்பினேன். போன வாரம் லீவு நாளில் பஸ் பிடித்து வந்தாள். அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு காட்ட மறுத்துவிட்டாள். நான் போயி ஆஸ்பத்திரில படுத்தா உங்க மேடம் இன்னா நினைப்பாங்க, உன் மார்க்கு இன்னா ஆவறது பாப்பா என்றாள். அவள், மார்க்கு போனா போவுதும்மா, காலைக் காட்டுங்க என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் காட்டவில்லை. திரும்பிப் போனவள் நேராக மேடத்திடம், அம்மா சாப்பிடாமல் இருந்ததால் அன்றைக்கு எடுத்த கணக்கு சரியில்லை என்று தானே சொல்லிவிட்டாளாம். மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். இன்று வந்து என்னிடம் அதைச் சொல்கிறாள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்கிறாள்.

இந்தக் கடிதத்தை அவள்தான் தன் போனில் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். பார்த்ததும் வீடியோவில் அம்மாவைக் கூப்பிடு. எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே, நல்லாக்கீறேன் என்பாள். இடது காலைக் காட்டச் சொல். மார்க்கு ஏற்கெனவே போய்விட்டது என்பதையும் சொல், அந்தப் பிள்ளை கோபித்தால் கோபிக்கட்டும், அம்மாவுக்கு இனி காப்பாற்ற அந்தக் காலைத் தவிர வேறொன்றும் இல்லை. விழுப்புரம் போக வாசலில் ஆட்டோ நிற்கிறது, பெரியாஸ்பத்திரிக்கு ஆரோக்கியசெல்வியும் கூட வருகிறாள்.

குழந்தைக்கு அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. நீங்கள் மூவரும் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். அம்மா தெருமுனையில் வருகிறாள், தாங்கித்தான் நடக்கிறாள். உடனே கூப்பிடு.

உன் அப்பா,
நெடுஞ்செழியன்