கலஹா வளைவில் அம்மா திருகிய சாவி

இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையிலிருந்து பெட்ரோல் மணம் போகவில்லை. நேற்று உன் காரின் பொனட்டைத் திறந்தேன். என்னைச் சின்னம்மா முறையில் கூப்பிடும் உன் மகள்தான் அழைத்தாள். "சாச்சி, உம்மாட கார் ஸ்டார்ட் ஆகுதில்ல. ஒருக்கா வந்துட்டுப் போங்களேன்."

நீ இறந்து ஒன்பது மாதமாகிறது. குண்டசாலையில் பஸ் ஏறும்போதே என் கல்யாணக் காலைதான் கண்ணுக்குள் வந்தது.

பள்ளிக்கூடத்தில் நீ விஞ்ஞானம், நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. மணப்பெண்ணை உன் காரில்தான் கோயிலுக்குக் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்தாய். உன்னைவிட வயதான கார் அது. சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட, நீயும் நானும் என் அம்மாவும் பின்னால் வந்தோம். கலஹாவிலிருந்து இறங்கும் வளைவொன்றில் கார் இரண்டு முறை துள்ளிவிட்டு அணைந்தது. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படி நின்னுருச்சே" என்று அம்மா கண்கலங்கினார்.

"இது சகுனமில்லம்மா, கரண்ட் கோளாறு" என்றாய். பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பொனட்டுக்குள் குனிந்தாய். "பெட்ரோல் மணக்குது. அப்ப எண்ணெய் வருது. கரண்ட் எதுவரைக்கும் வருதுன்னு பார்ப்பம்."

பிளக்கிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தாய். நான் சாவியைத் திருகினேன். எஞ்சின் சுற்றியது, பொறி வரவில்லை. கொயிலிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடித்துப் பார்த்தாய். அதிலும் இல்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்ததும் உன் முகம் மலர்ந்தது. உள்ளே, சேர்ந்தும் விலகியும் பொறி கிளப்பும் பொயின்ட் இரண்டும் கருகி, விலகவே இடமில்லாமல் ஒட்டிக் கிடந்தன.

"ரெண்டும் சேர்ந்தே ஈக்கி. விலகினாத்தான் பொறி வரும். கல்யாணம் முடிச்ச பொறகு இத மறந்துராத புள்ள!"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பொயின்ட் விலகும் இடத்துக்கு வரவேண்டும் என்று கியரில் போட்டுக் காரைத் தள்ளச் சொன்னாய். மாலையும் கூறையும் காத்திருக்க, மணப்பெண் நடுரோட்டில் கார் தள்ளினாள். கடந்துபோன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். நீ நகம் தேய்க்கும் அரத்தால் பொயின்ட்டின் கரியைத் தேய்த்தெடுத்தாய். என் அழைப்பிதழைக் கிழித்து, அந்தத் துண்டை இடையில் வைத்து இடைவெளியைச் சரிசெய்து ஆணியை இறுக்கினாய்.

அப்போது தூறல் விழுந்தது. நீ வயரைப் பிடிக்க, நான் குடை பிடிக்க, சாவி திருக அம்மாதான் மிச்சம். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த கை, கார்க் கதவைத் தொடக்கூட யோசித்தது.

"நான் தொட்டா ஏதாச்சும் ஆயிரும்மா."

"ஆகணும்னுதானே கூப்பிடுறேன், வாங்க!"

அம்மா திருகினார். வயர் நுனியிலிருந்து நீலமாக ஒரு பொறி பாய்ந்தது. நாம் போட்ட கூச்சலில் அம்மா சாவியை விட்டுவிட்டார். வயரை மாட்டி மறுபடி திருகச் சொன்னாய். எஞ்சின் உறுமியதும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அம்மா சிரித்த மாதிரி, அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கோயிலில் இறங்கியதும் மாப்பிள்ளையிடமே போய், "நான்தான் தம்பி ஸ்டாட் பண்ணேன்" என்றார். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் மிச்சமிருந்தது.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கதை பேசியிருப்போம்!

நேற்று கட்டுகஸ்தோட்டையில் உன் வீட்டு முற்றத்தில், தார்ப்பாய்க்குள் கார் நனைந்து கிடந்தது. "கராஜ்ல புது கொயில் போடணும்னாங்க சாச்சி. இல்லாட்டி வித்துடச் சொல்றாங்க" என்றாள் மகள். அவளுக்கு விற்க மனமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அவளைச் சாவி திருகச் சொன்னேன். கொயில் வயரில் பொறி நன்றாக வந்தது. பிளக் வயரில் வரவில்லை. நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கழற்றினேன். உள்ளே முழுக்க ஈரம் கோத்திருந்தது. துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினேன். மூன்றாவது திருகலில் எஞ்சின் பிடித்தது.

அவள் ஓடி வந்து, ஆடிக்கொண்டிருந்த வயரைத் தொடப் பார்த்தாள்.

"கைய எடு! ஓடுற எஞ்சின்ல கைய வைக்கிறியே, படிச்ச புள்ளதானே நீ?"

அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது.

"உம்மா மாதிரியே ஏசுறீங்க சாச்சி. இன்னொருக்கா ஏசுங்க."